வெள்ளைக் குதிரைக்குக் கறுப்புக் குட்டி பிறக்குமா?

ஆண்டுதோறும் ஆடித் திங்களில், ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி திருக்கோயில் விழாவையொட்டிப் பெரியதொரு கால்நடைச் சந்தை கூடுகின்றது. காங்கேயம் காளைகளோடு மார்வாரி, கத்தியவாரி முதலிய வடநாட்டு இனக் குதிரைகளும் அங்கு விற்பனைக்கு வருகின்றன. அச்சந்தையில் வெள்ளைக் குதிரை ஒன்றைக் கண்டு நின்று பாராதவர் அரியர். ஊர்க்காவல் தெய்வமாம் ஐயனாருக்கு வெண்புரவி செய்து வைத்து வழிபடும் மக்கள் அல்லவா நாம்!

அவ்வாறு ஆசையோடு வாங்கிய வெள்ளைப் பெட்டைக் குதிரையை ஒருவர், அயலூரிலுள்ள வெள்ளைப் பொலிகுதிரையோடு இணை சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 11 மாதம் காத்திருந்த பின் குட்டி பிறக்கிறது. குட்டியின் நிறமோ கறுப்பு! “நான் கூலி கொடுத்தது வெள்ளைக் குதிரைக்கு, நீர் வேறு குதிரையை விட்டு என்னை ஏமாற்றிவிட்டீர்” என்கிறார் இவர். “உம்முடைய பெட்டை இங்கு வருமுன்பே சினையாக இருந்திருக்கும்” என்கிறார் அவர். வழக்கு ஊர்ப் பெரியவர்களிடமும் பஞ்சாயத்து உறுப்பினரிடமும் வந்து சேருகிறது. நாம் யாது தீர்ப்புக் கூறுவது?

இருவர் மீதும் பிழை இல்லாதிருக்கலாம் என்பதே விஞ்ஞானம் தரும் விடை. அது எவ்வாறு என்பதை அறிந்துகொண்டால், வீண் வழக்கைத் தவிர்க்கலாம், பணத்தைக் காக்கலாம், சிலபோது ஒரு குட்டியின் உயிரையும் காக்கலாம்.

இரண்டு படிகள்

குதிரையின் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் என்னும் இழைகள் 64 உள்ளன. இவை 32 இணைகளாக அமைந்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது; மற்றது தந்தை தந்தது. நிறம், உயரம் முதலிய குணங்களுக்குரிய மரபணுக்கள் இவ்விழைகளில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு மரபணுவுக்கும், பத்திரத்துக்கு இரு படிகள் இருப்பதுபோல, இரு படிகள் உள்ளன. குட்டி ஈனும்போது தாய் தன் இரு படிகளில் ஒன்றை மட்டுமே கொடுக்கிறது, தந்தையும் அவ்வாறே. எந்தப் படி போகும் என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது போன்றது.

இரு படிகளும் வெவ்வேறாக இருப்பின், பல குணங்களில் ஒன்று ஓங்கி நிற்கும்; மற்றது ஒடுங்கி மறைந்திருக்கும். மறைந்தது அழிந்துபோவதில்லை. அடுத்த தலைமுறையில் அது வெளிப்படக்கூடும். இவ்வுண்மையைப் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டறிந்தவர் கிரெகோர் மெண்டல் என்னும் துறவி. அவர் தம் ஆராய்ச்சியை 1865இல் எடுத்துரைத்தார்; 1866இல் அது அச்சாயிற்று. மஞ்சள் பட்டாணிக்குள் பச்சை மறைந்திருப்பதை அவர் கண்டதுபோல், வெள்ளைக் குதிரைக்குள் கறுப்பு மறைந்திருப்பதை இன்று நாம் காண்கிறோம்.

குதிரையின் அடிப்படை நிறங்கள் கறுப்பு, செவலை, மற்றும் உடல் பழுப்பாகவும் பிடரியும் வாலும் கால்களும் கறுப்பாகவும் உள்ள நிறம் ஆகியவையே. வெண்மை என்பது இவற்றின் மேல் பூசப்பட்ட சுண்ணாம்பு போன்றது. உள்ளே இருப்பது செங்கற் சுவரா மண் சுவரா என்பதைச் சுண்ணாம்பு காட்டாதன்றோ? மேலும், அச்சுண்ணாம்பும் ஒரு வகையன்று. வெள்ளைக் குதிரை என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை, வெவ்வேறு மரபணுக்களால் வெவ்வேறு வழியில் வெண்மை பெற்றவை ஆகும்.

நரைத்து வெளுக்கும் குதிரை

நாம் காணும் வெள்ளைக் குதிரைகளில் மிகப் பல, பிறவியில் வெள்ளையல்ல. அவை கறுப்பாகவோ செவலையாகவோ பழுப்பாகவோ பிறந்து, பின்னர் ஆண்டுக்காண்டு நரைத்து, 6 முதல் 8 வயதுக்குள் பெரும்பாலும் முழு வெண்மை அடைபவை. காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து சில மாதங்களில் மயிலையாக மாறுவதை நம் விவசாயிகள் அறிவர். காரணம் வேறாயினும், பிறந்த நிறமே நிலைத்த நிறமன்று என்னும் பாடம் இரண்டிற்கும் பொது.

நரைக்கும் குதிரையை அடையாளம் காண்பது எளிது. அதன் உரோமம் வெண்மையாயினும் தோல் கருமையாக இருக்கும். மூக்கு நுனியையும் கண்ணிமையையும் நோக்கினாலே இது விளங்கும். உடலை நீரால் நனைத்துப் பார்த்தால் ஐயமின்றித் தெரியும்.

நரைக்கும் தன்மை ஓங்கு தன்மை. ஒரு படி இருந்தாலே குதிரை நரைத்துவிடும். இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, இரு படிகளும் நரைக்கும் படிகளாக உள்ள குதிரைக்குப் பிறப்பவை யாவும் நரைக்கும். இரண்டாவது, ஒரு படி மட்டுமே உள்ள இரு வெள்ளைக் குதிரைகளைச் சேர்த்தால், நான்கில் மூன்று வாய்ப்பு நரைக்கும் குட்டிக்கும், நான்கில் ஒரு வாய்ப்பு என்றும் நரைக்காத குட்டிக்கும் உண்டு. மூன்றாவது, தாயும் தந்தையும் நரைக்காத குதிரைகளாயின் குட்டியும் நரைக்காது. இத்தன்மை ஒரு தலைமுறை மறைந்திருந்து மறு தலைமுறையில் தோன்றுவதில்லை.

‘நான்கில் ஒன்று’ என்பதைச் சரியாகப் பொருள் கொள்ள வேண்டும். மூன்று வெள்ளைக் குட்டிகள் பிறந்தபின் நான்காவது கட்டாயம் கறுப்பு என்பது இதன் பொருளன்று. ஒவ்வோர் ஈற்றிலும் அதே வாய்ப்பு புதிதாக வருகிறது. முதல் ஈற்றிலேயே கறுப்புக் குட்டி பிறந்தால் அதில் வியப்பில்லை.

ஐரோப்பாவின் லிப்பிசானர் இனம் இதற்கு நல்ல சான்று. இன்று ஸ்லோவேனியா நாட்டிலுள்ள லிப்பிட்சா என்னும் ஊரில் 1580இல் தொடங்கிய பண்ணையிலிருந்து வந்த இனம் அது. வியன்னா நகரத்துப் புகழ்பெற்ற குதிரையேற்றப் பள்ளியில் ஆடிவரும் வெள்ளைக் குதிரைகள் இவ்வினத்தவையே. அவற்றின் குட்டிகள் கருநிறமாகப் பிறந்து நரைத்து வெளுப்பவை. வெண்மையையே விரும்பி நெடுங்காலமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தும், இன்றும் எப்போதேனும் என்றும் நரைக்காத பழுப்புக் குதிரை ஒன்று பிறந்துவிடுகிறது. ஒடுங்கிய படி எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் காத்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அப்பள்ளியினர் அத்தகைய குதிரையை விலக்குவதில்லை. நற்பேறு தருவதாகக் கருதி ஒன்றைப் போற்றி வைத்துக்கொள்வது அவர்கள் மரபு.

இத்தன்மைக்குரிய மரபணு மாற்றத்தை 2008இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகளும் அவர்தம் துணைவர்களும் கண்டறிந்தனர். மரபணுவின் சிறு பகுதி ஒன்று மீண்டும் எழுதப்பட்டிருப்பதே காரணம். 2024இல் வெளிவந்த ஆராய்ச்சி இதனை மேலும் தெளிவாக்கியது. அப்பகுதி இருமுறை எழுதப்பட்டிருந்தால் குதிரை மெல்ல நரைக்கும். மும்முறை எழுதப்பட்டிருந்தால் விரைந்து நரைக்கும்.

விரைந்து நரைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. நரைத்த குதிரைகளுக்கு வாலின் அடிப்பகுதியிலும், ஆசனவாயைச் சுற்றியும், உதட்டிலும் கருநிறக் கட்டிகள் தோன்றும் இயல்பு மிகுதி. 15 வயதைக் கடந்த நரைத்த குதிரைகளில் 100க்கு 70க்கு மேற்பட்டவற்றில் இக்கட்டிகள் காணப்படுவதாகக் கணக்கிட்டுள்ளனர். மெல்ல நரைக்கும் வகையில் இவை அரிது. முதலில் சிறு பயறு போலத் தோன்றும் கட்டி பின்னர் புற்றாகப் பரவக்கூடும். வயது முதிர்ந்த வெள்ளைக் குதிரையை விலை பேசுவோர், பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு வாலைத் தூக்கியும் பார்க்க வேண்டும்.

பொன்னிறமும் பாலாடை நிறமும்

வெண்மைக்கு மற்றொரு வழியும் உண்டு. நிறத்தை நீர்த்துப் போகச் செய்யும் மரபணு ஒன்றின் ஒரு படி செவலைக் குதிரையில் சேர்ந்தால், உடல் பொன்னிறமும் பிடரியும் வாலும் வெண்மையும் பெறும். இரு படிகள் சேர்ந்தால் உடல் முழுவதும் பாலாடை போல வெளுத்து, தோல் இளஞ்சிவப்பாகவும் கண் நீலமாகவும் அமையும். இங்கே ஒன்று ஓங்கி மற்றது ஒடுங்குவதில்லை. படிக்கு ஏற்ப நிறம் படிப்படியாகக் குறைகிறது.

ஆகவே பொன்னிறக் குதிரைகள் இரண்டைச் சேர்த்தால், குட்டி பொன்னிறமாக அமைய நான்கில் இரண்டு வாய்ப்பும், செவலையாக ஒன்றும், பாலாடை நிறமாக ஒன்றும் உண்டு. பொன்னிறக் குட்டியே வேண்டுமெனில், பாலாடை நிறக் குதிரையைச் செவலைக் குதிரையோடு சேர்ப்பதே உறுதியான வழி. பார்வைக்கு ஒவ்வாத இணை பயனில் சிறந்ததாயிருப்பதை இங்குக் காண்கிறோம்.

கடைமடைக்கு எட்டாத நீர்

இனி, பிறக்கும்போதே வெள்ளைத் திட்டுகளோடும், சுட்டியோடும், வெண்கால்களோடும் பிறக்கும் குதிரைகளைப் பற்றிக் காண்போம். இவற்றின் வெள்ளைப் பகுதியில் தோலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அங்கு நிறம் தரும் உயிரணுக்கள் இல்லை.

அவை ஏன் அங்கு இல்லை? தாயின் வயிற்றில் குட்டி உருவாகும்போது, நிறம் தரும் உயிரணுக்களின் முன்னோடிகள் முதுகு நெடுகத் தோன்றுகின்றன. அங்கிருந்து அவை பெருகிக்கொண்டே விலா, வயிறு, கால், முகம் என்று உடலெங்கும் பயணம் செய்கின்றன. ஏரி மதகிலிருந்து புறப்பட்ட நீர் தலைமடையை நனைத்துப் பின் கடைமடைக்குச் செல்வதை இதற்கு ஒப்பிடலாம். நீர் குறைந்த ஆண்டில் கடைமடை காய்வதுபோல, அவ்வணுக்கள் போதிய அளவு பெருகாமலோ வழியில் மடிந்தோ போனால், அவை சேராத இடம் வெள்ளையாகிவிடும். நெற்றியும் கால்களும் வயிறும் எளிதில் வெண்மையுறுவது இதனாலேயே.

இந்தப் பயணத்தை நடத்தும் மரபணுக்கள் பல. அவற்றுள் ‘கிட்’ என்பது முதன்மையானது. அதில் நேர்ந்துள்ள முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் குதிரைகளில் கண்டறியப்பட்டுள்ளன. சில, சிறு வெண்மையே தரும்; சில, உடல் முழுவதையும் வெண்மையாக்கும். கலிபோர்னியாவில் அடால்ஃபோ கமரியோ என்பவர் 1921இல் வாங்கிய சுல்தான் என்னும் வெள்ளைப் பொலிகுதிரையின் வழிவந்த இனம் இத்தகையது. அக்குதிரைகள் நரைத்து வெளுப்பவையல்ல, வெள்ளையாகவே பிறப்பவை. நம் நாட்டுச் சந்தைகளில் ‘நுக்ரா’ என்று விற்கப்படும் இளஞ்சிவப்புத் தோலுடைய வெள்ளைக் குதிரைகளும், நரைக்கும் குதிரைகளினின்று வேறானவை என்பதைத் தோலின் நிறத்தைக் கொண்டே அறியலாம்.

கால்கள் வெளுத்து, முதுகையும் கடந்து செல்லும் பெருந்திட்டுகளை உடைய ‘டோபியானோ’ என்னும் அமைப்புக்கும் ‘கிட்’ மரபணுவோடு தொடர்புண்டு. அம்மரபணுவுக்கு அருகே குரோமோசோமின் நீண்ட துண்டு ஒன்று, கயிற்றை அறுத்துத் தலைகீழாக முடிந்ததுபோலத் திரும்பியிருக்கிறது. இதுவும் ஓங்கு தன்மையே. ஒரு படியோ இரு படியோ, குதிரைக்கு ஊறில்லை. இரு படிகள் உள்ள பொலிகுதிரைக்குப் பிறக்கும் குட்டிகள் யாவும் திட்டுகளோடு பிறக்கும்.

வேறு சில அமைப்புகளில் கவனம் வேண்டும். முகம் பெரிதும் வெளுத்து, வெண்ணீரில் தோய்த்தெடுத்ததுபோல் கால்களும் அடிவயிறும் வெளுத்த குதிரைகளில் சில, பிறவிச் செவிடு. உட்காதின் வேலைக்கும் நிறவணுக்கள் வேண்டியிருப்பதே காரணம். அத்தகைய குதிரை குரலுக்குப் பணியவில்லை என்று அடிப்பது கொடுமையன்றோ? சிறுத்தை போன்ற புள்ளிகள் உடைய இனங்களில், அம்மரபணுவின் இரு படிகளையும் பெற்றவை இரவில் கண் தெரியாதவை. இவற்றையும் குணக்கேடு என்று எண்ணலாகாது.

இரண்டு சேர்ந்தால் இறப்பு

யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. அமெரிக்காவின் பெயிண்ட் முதலிய குதிரை இனங்களில், முதுகு நிறத்தோடிருக்க, விலாவிலும் கழுத்திலும் வெண்திட்டுகள் சட்டமிட்ட படம் போல அமைந்த குதிரைகள் உண்டு. காண்பதற்கு அழகியவை, உடல்நலமும் குறைவற்றவை. ஆயினும் இத்தகைய இரு குதிரைகளைச் சேர்த்தபோது, சில ஈற்றுகளில் முழு வெண்மையான குட்டி பிறந்தது. நீலக்கண்ணுடன் எழுந்து நின்று பாலும் குடிக்கும் அக்குட்டி, சில மணி நேரத்தில் வயிற்று வலியால் துடிக்கும், சாணம் கழியாது, சில நாட்களுக்குள் இறந்துவிடும்.

இதன் காரணம் 1998இல் வெளிப்பட்டது. மரபணு ஒன்றில் இரண்டே எழுத்துகள் மாறியிருந்தன. முன்னர் நாம் கூறிய பயணத்தை நினைவுகூர்க. முதுகு நெடுகத் தோன்றும் அவ்வணுக் கூட்டத்திலிருந்தே குடலை அசைக்கும் நரம்பணுக்களும் புறப்படுகின்றன. மாறிய படி ஒன்று மட்டும் இருந்தால், தோலில் சில இடங்களே வறண்டு வெளுக்கும். இரண்டும் மாறியிருந்தால், தோல் முழுவதும் வெளுப்பதோடு, குடலின் பிற்பகுதிக்கும் நரம்பணு சென்று சேர்வதில்லை. அசையாத குடலில் உணவு தேங்குகிறது. மனிதக் குழந்தைகளுக்கு வரும் இதையொத்த நோயை அறுவை மருத்துவத்தால் தீர்க்கின்றனர். குட்டிக்கோ குடலின் மிக நீண்ட பகுதி செயலற்றுப்போவதால் மருந்தில்லை.

கணக்கைப் பாருங்கள். இவ்வமைப்புடைய இரு குதிரைகளைச் சேர்த்தால் ஒவ்வோர் ஈற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பு இறக்கும் குட்டிக்கு உண்டு. ஒன்றை இவ்வமைப்பில்லாத குதிரையோடு சேர்த்தால், இரண்டில் ஒரு வாய்ப்பு அழகிய திட்டுக்குட்டிக்கு உண்டு. இறப்போ முற்றிலும் இல்லை. முன்னதிலும் திட்டுக்குட்டிக்குரிய வாய்ப்பு அதே இரண்டில் ஒன்றுதான்! ஆகவே இரண்டையும் சேர்ப்பதால் எவ்விதப் பயனும் இல்லை. கேடு மட்டுமே உண்டு.

இதில் ஓர் இடர்ப்பாடு என்னவெனில், மாறிய படியைத் தாங்கிய சில குதிரைகளுக்கு நெற்றிச் சுட்டியைத் தவிர வேறு வெண்மையே தெரிவதில்லை. கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. வேரோடு பிடுங்கிய பிடரி மயிர் சிலவற்றை ஆராய்ச்சிச் சாலைக்கு அனுப்பிச் சோதித்தால் உண்மை தெரியும். அமெரிக்க இனக் குதிரையையோ அதன் கலப்பையோ இனவிருத்திக்கு வாங்குவோர், இச்சோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுதல் நலம்.

நாம் செய்யத்தக்கன

1. வெள்ளைக் குதிரையை வாங்குமுன் நீரால் நனைத்துத் தோலின் நிறத்தைப் பார்க்கவும். கருந்தோலாயின் நரைத்தது, இளஞ்சிவப்பாயின் வேறு வகை.

2. இளஞ்சிவப்புத் தோல் வெயிலைத் தாங்காது. அத்தகைய குதிரைக்கு நண்பகலில் நிழல் வேண்டும். கண்ணோரத்தில் ஆறாத புண் தோன்றினால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவும்.

3. நரைத்த குதிரையை ஆண்டுக்கொரு முறையேனும் வாலடியிலும் உதட்டிலும் சோதிக்கவும்.

4. குதிரையின் பிறந்த நிறம், தாய் தந்தையரின் நிறம், முன் ஈன்ற குட்டிகளின் நிறம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவும். விற்கும்போது குறிப்பேட்டையும் உடன் கொடுக்கவும். வாய்ச்சொல்லைவிட அது நூறு மடங்கு மதிப்புடையது.

5. பிறந்த குட்டியின் நிறத்தைக் கொண்டு அவசரமாக விற்கவோ பழிக்கவோ வேண்டா. கண்ணைச் சுற்றி வெண்மயிர் தோன்றுகிறதா என்று பார்க்கவும். நரைக்கும் குட்டிக்கு அங்கேதான் முதலில் நரை தோன்றுவது வழக்கம்.

வழக்கின் தீர்ப்பு

தொடக்கத்தில் கண்ட வழக்குக்கு மீள்வோம். இரு குதிரைகளின் தோலும் கருமையாயின் அவை நரைத்தவை. அவ்வாறாயின், குட்டி இன்று கறுப்பாயிருப்பது யார்மீதும் குற்றமாகாது. அது இரண்டொரு ஆண்டில் நரைக்கத் தொடங்கலாம். அல்லது நான்கில் ஒரு வாய்ப்பாக வந்த, என்றும் கறுப்பாகவே இருக்கும் குட்டியாகவும் இருக்கலாம். அந்நிறத்தை மட்டும் கொண்டு பொலிகுதிரையின் உரிமையாளரை வஞ்சகர் என்பதோ, பெட்டையின் உரிமையாளரைப் பொய்யர் என்பதோ நீதியன்று. மாறாக, ஒருவர் செவலைப் பெட்டையைச் செவலைப் பொலிகுதிரையிடம் விட்டு, நரைக்கும் குட்டியைப் பெற்றால், அங்கே ஐயுறுவதற்கு இடமுண்டு.

குட்டியின் நிறம் மாறியதற்கு உரிமையாளரின் தீவினையோ, பெட்டையின் குற்றமோ, பிறர் கண்ணேறோ காரணமன்று. தாய் ஒரு படி, தந்தை ஒரு படி என்று கொடுத்த கணக்கே காரணம். இக்கணக்கை அறிந்த பஞ்சாயத்து உறுப்பினர், அண்டை அயலார் இருவர் பகைத்துப் பிரியாமல் காக்க வல்லவராவார். இதனை அறிந்த விவசாயியோ, இணை சேர்க்குமுன் ஒரு கேள்வி கேட்பதால், பிறந்து துடித்து இறக்கவிருந்த உயிரைப் பிறவாமலே காப்பார். வெண்மையைக் கண்டு மயங்குமுன், அவ்வெண்மை எவ்வழி வந்தது என்று வினவுவோமாக!